ஐஸிலை இருந்த மூண்டு பேர்

ஈஸ்ட்ஹாம், லண்டன்
16.04.1996

என்ரை ரூபி அக்காவுக்கு,

வருசம் பிறந்து ரெண்டு நாளாச்சு, இஞ்சை குளிர் இன்னும் வெளிக்கிட்ட பாடில்லை. நானும் இவரும் இருக்கிறம். நீங்கள், கேதீஸ் அண்ணை, என்ரை பெறாமகன் அபி மூண்டு பேரும் அந்த வெய்யிலுக்கை சுகமாய் இருக்கவேணுமெண்டு முருகனை மண்டாடிக்கொண்டுதான் பேனையை எடுத்தனான். அபி வாயைத் திறந்தால் இங்கிலீசுதான் எண்டு எழுதியிருந்தீங்கள். லண்டனிலை பிறந்தவன் சார்ஜாவிலை போய் இங்கிலீஸ் படிக்கிறான், நல்ல பகிடிதான்.

என்ரை கதையைக் கேளுங்கோ. நாலாம் தரமும் சரிவரேல்லை. போன கிழமை டொக்டர் கூப்பிட்டு இருத்தி வைச்சு, இனி என்ரை முட்டையளாலை ஒரு கருவும் உண்டாகாது எண்டு சொல்லிப்போட்டார். நல்ல மனிசன், கதிரையைக் கிட்ட இழுத்து வைச்சுக்கொண்டுதான் சொன்னவர். நான் தாங்க் யூ சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன். பஸ்ஸிலை ஏறினாப் பிறகுதான் எதுக்குத் தாங்க் யூ சொன்னனான் எண்டு யோசிச்சன். நாங்கள் ரெண்டு பேரும் முதன்முதல் சந்திச்ச நீலக் கதிரையள் அந்த ஆஸ்பத்திரியிலை இன்னும் அப்பிடியே கிடக்கு அக்கா. அதிலை இருந்து உங்களுக்கு அபி கிடைச்சான். எனக்கு நீங்கள்தான் கிடைச்சீங்கள்.

இப்ப வேறை விசயம். நீங்கள் எங்களுக்கு விட்டிட்டுப் போன இந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலை இருந்து உங்கடை பேரிலை இன்னும் கடிதம் வருது. ‘அந்தக் கடிதம் ஒண்டும் எங்கடை கொம்பனித் தபால்பெட்டிக்கு அனுப்பிப்போடாதை. அங்கை கார்மேகம் எண்டொரு கிளாக்கர் எல்லாத்தையும் உடைச்சு வாசிச்சுப்போட்டுத்தான் தாறவன். அபி கண்ணாடிக்குள்ளை உண்டான பிள்ளை எண்டு சார்ஜா முழுக்கத் தெரிஞ்சு, பேந்து மானிப்பாயிலை மாமி காதுக்கும் போயிடும்' எண்டு போன புதிசிலை எழுதினீங்கள். சொல்லுத் தட்டாமல் எல்லாத்தையும் உடைக்காமலே பிஸ்கட் பேணிக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறன். இந்த வருசம் மட்டும் மூண்டு. கடைசியாய் வந்ததிலை சிவப்பு மையிலை ‘அவசரம்' எண்டு கிடக்கு. என்ன செய்ய, சொல்லுங்கோ.

உங்கள் தங்கச்சி,
மலர்


ரோலா, சார்ஜா
27.04.1996

அன்புத் தங்கச்சி மலருக்கு,

உன்ரை கடிதத்தை வாசிச்சுப்போட்டு அடுப்பிலை வைச்ச பருப்பைக் கருக்கிப்போட்டன். நாலு தரம் ஊசி குத்தி, நாலு தரம் அழுது, கடைசியிலை தாங்க் யூ சொல்லிப்போட்டு வந்தியோ? நீ ஒரு விசரி. அந்த இடத்திலை நான் இருந்திருந்தால் அந்தாளின்ரை கதிரையைப் புரட்டிப் போட்டிருப்பன். சரி, அழு. அழுது முடிச்சிட்டு ஒழுங்காய்ச் சாப்பிடு. உன்ரை மனிசன் சற்குணத்தையும் பார், ஆம்பிளையள் இந்த விசயத்திலை வாய் திறக்காமலே கரைஞ்சு போவினம்.

அந்தப் பேணிக் கடிதங்களை உடைச்சு வாசி. ஏதோ பழைய பரிசோதனைக் கடுதாசியாய்த்தான் இருக்கும். அபி பிறந்த அண்டே என்ரை கருப்பையை எடுத்துப்போட்டினம், இனி அவைக்கும் எனக்கும் என்ன கதை கிடக்கு? வாசிச்சு என்னெண்டு எழுது. கொம்பனிப் பெட்டிக்கு எழுதாதை. இஞ்சை தபால்காரன் வீட்டுக்கு வாற வழக்கம் இல்லை, பெட்டி நம்பர் இல்லாட்டிக் கடிதமும் இல்லை. ரோலாவிலை துணிக்கடை வைச்சிருக்கிற சதக்கத்துல்லா நானா, காயல்பட்டினத்து மனிசன், தன்ரை கடைப் பெட்டியைப் பாவிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் உடைக்கிற ஆளில்லை. நம்பர் கீழை கிடக்கு.

ரெலிபோன் மட்டும் எடுத்துப்போடாதை. ரெண்டு குடும்பம் ஒரு ஃபிளாட்டிலை இருக்கிறம், போன் ஹோலுக்கை கிடக்கு. மற்ற அறையிலை இருக்கிற ஜெயபாரதி நல்ல பிள்ளைதான், ஆனால் நான் ‘ஹலோ' சொன்னால் ரேடியோவைக் குறைச்சுப்போடுவாள்.

அபிக்கு முன்பல்லு ஆடுது. நாள் முழுக்க நாக்காலை தள்ளிக்கொண்டு திரியிறான்.

அக்கா,
சிவரூபி


ஈஸ்ட்ஹாம்
08.05.1996

ரூபி அக்கா,

எப்பிடி எழுதிறதெண்டு தெரியேல்லை. முதல்லை இருங்கோ. அபி பக்கத்திலை நிண்டால் வெளியாலை விளையாட விடுங்கோ.

உங்களுக்கு இன்னும் மூண்டு பேர் இருக்கினம்.

நான் பைத்தியத்திலை எழுதேல்லை. கடிதங்களை இவரோடை இருந்து மூண்டு தரம் வாசிச்சுப்போட்டு, அடுத்தநாள் ஆஸ்பத்திரிக்கும் நேரை போய்க் கேட்டுப்போட்டுத்தான் எழுதிறன். தொண்ணூறாம் ஆண்டு உங்களுக்கும் கேதீஸ் அண்ணைக்கும் ஆறு கரு உண்டானதாம். மூண்டை வயித்திலை வைச்சினமாம், அதிலை ஒண்டுதான் அபி. மற்ற மூண்டையும் ஐஸிலை உறைய வைச்சு வைச்சிருக்கினம். அபியோடை ஒரே நாளிலை உண்டானதுகள் அக்கா! ஆறு வருசமாய் நான் போய்வந்த கட்டடத்திலை, நான் இருந்து அழுத கதிரைக்குக் கீழ்த்தட்டிலை, அபியின்ரை சகோதரங்கள் இருந்திருக்குதுகள். அந்த வரியைக் கண்டவுடனை நிலத்திலை இருந்திட்டன்.

இனித்தான் பயங்கரம். தொண்ணூத்தொராம் ஆண்டு ஓகஸ்டிலை வந்த சட்டப்படி, அண்டையிலை இருந்து அஞ்சு வருசத்துக்குமேலை வைச்சிருக்க ஏலாதாம், தாய் தேப்பன் ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சுக் கேட்டாலொழிய. யூலை 31க்கு முதல் அந்தப் படிவம் அவையின்ரை கையிலை இருக்கவேணும். பிரதி எடுக்கமாட்டினம், மை பட்ட கையெழுத்துத்தான் வேணுமாம். இன்னும் அஞ்சு வருசம் வைச்சிருக்கச் சொல்லலாம். பிள்ளையில்லாத வேறை ஆருக்கும் குடுக்கச் சொல்லலாம். ஒண்டும் வராட்டி ஓகஸ்ட் முதலாம் திகதி வெளியிலை எடுத்து உருக விட்டிடுவினம்.

படிவத்தை இதுக்குள்ளை வைச்சிருக்கிறன். கெதியிலை எழுதுங்கோ.

மலர்


ரோலா
19.05.1996

மலர்,

சதக்கத்துல்லா நானாவின்ரை கடையிலை நிண்டுதான் உடைச்சனான். வாசிச்சாப் பிறகு எனக்குக் கண் தெரியேல்லை. நானா ஸ்டூலை இழுத்துப் போட்டு, ‘ஊருல யாருக்கும் மவுத்தா தங்கச்சி?' எண்டு கேட்டார். இல்லை நானா எண்டன். ஒருத்தரும் சாகேல்லை எண்டு இவ்வளவு அதிர்ச்சியாய் ஆருக்கும் கடிதம் வந்திருக்குமோ?

எனக்கு ஒண்டும் மிஞ்சேல்லை எண்டுதான் தெரியும். இவர்தான் அப்பிடிச் சொன்னவர். அபி பிறந்து ரத்தம் நிக்காமல் நான் நினைவில்லாமல் கிடந்து எழும்பினாப் பிறகு நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். ‘மிச்சம் ஏதும் இருக்கோ?' ‘ஒண்டும் இல்லை ரூபி, எல்லாம் முடிஞ்சுது' எண்டார். அஞ்சு வருசம் நான் அதை நம்பிக்கொண்டு இருந்தனான்.

வேலையாலை வந்தவுடனை கடிதத்தை முகத்துக்கு நேரை நீட்டினன். கட்டடம் கட்டுற சைற் தூசியோடை அப்பிடியே நிண்டார். பொய் சொல்லேல்லை இந்தமுறை. ‘தெரியும்' எண்டார். ‘உன்ரை வயித்திலை இடம் இல்லாமல் போன அண்டு, மூண்டு பிள்ளை வெளியிலை காத்துக்கொண்டு நிக்குதுகள் எண்டு நான் எப்பிடியடி சொல்லுவன்? தானாய் முடிஞ்சு போயிடும் எண்டு விட்டிட்டன்' எண்டார்.

தானாய் முடிஞ்சு போயிடுமாம்! பதின்மூண்டு வருசம் ஒரு பாயிலை படுத்த மனிசன். நாலு நாளாய் அவரோடை கதைக்கேல்லை. அபியைக் குளிக்க வார்க்கேக்கை அவன்ரை முதுகைப் பார்த்துக்கொண்டே நிக்கிறன். இதே முதுகு இன்னும் மூண்டு. ஐயோ மலர், நான் இதுகளை வைச்சுக்கொண்டு என்ன செய்ய? எனக்குச் சுமக்க வயிறில்லை. அஞ்சு வருசம் கழிச்சும் எனக்கு வயிறு முளைக்கப் போறதில்லை.

ரூபி


ஈஸ்ட்ஹாம்
30.05.1996

அன்பான ரூபி அக்காவுக்கு,

உங்கடை கடிதம் வந்த நாள் தொட்டு எழுதிறதும் கிழிக்கிறதுமாய் இருந்தன். இதையும் கிழிக்க முதல் மடிச்சு ஒட்டிவிடப் போறன்.

உங்களுக்கு வயிறில்லை, கரு இருக்கு. எனக்குக் கரு இல்லை, வயிறு நல்லாய் இருக்கு எண்டு அந்த டொக்டரே சொன்னவர். அக்கா, அதுகளை எனக்குத் தாங்கோ.

எழுதிப்போட்டன். இவருக்குச் சொல்ல, ‘மலர், அது கேக்கிற சாமானில்லை' எண்டு சொல்லிப்போட்டுத் தோட்டத்துக்கை போய் நிண்டார். அரை மணித்தியாலத்தாலை உள்ளை வந்து, ‘மூண்டும் தங்குமோ?' எண்டு கேட்டார். அவரும் அதையேதான் யோசிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறார், பாவம்.

நேர்ஸிட்டைக் கேட்டன். தாய் தேப்பன் என்ரை பேரை எழுதிக் கையெழுத்து வைச்சால் எனக்கே வைக்கலாமாம். நான் நல்லாய்ப் பார்ப்பன் அக்கா. அபி அண்ணை எண்டு சொல்லித்தான் வளர்ப்பன். இதுக்குமேலை எப்பிடிக் கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

மலர்


ரோலா
11.06.1996

மலருக்கு,

நீ என்ன, என்னட்டைச் சேலையோ இரவல் கேக்கிறாய்? கலியாணவீட்டுக்குக் கட்டிப்போட்டுத் தோய்ச்சு மடிச்சுத் திருப்பித் தாறதுக்கு?

என்ரை பிள்ளை. என்ரையும் அவரின்ரையும். அபியின்ரை மூக்கோடை ஒரு பெட்டை ஈஸ்ட்ஹாமிலை உன்னை அம்மா எண்டு கூப்பிட்டுக்கொண்டு திரிய, நான் வருசத்துக்கொருக்கால் பெரியம்மா எண்டு சொக்லேற் பெட்டியோடை வந்து கதவைத் தட்டுறதோ? அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்பிடிச் சோறு தின்னுறது?

இன்னுமொண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. வருசக்கணக்காய்ப் பேணிக்குள்ளை கிடந்த கடிதங்கள், உனக்குக் கரு வராது எண்டு டொக்டர் சொன்ன அந்தக் கிழமையிலையோ ஞாபகம் வந்தது?

படிவம் அலுமாரிக்குள்ளை கிடக்கு. இவரும் தொடேல்லை, நானும் தொடேல்லை.

சிவரூபி


ஈஸ்ட்ஹாம்
22.06.1996

அக்கா,

‘வைச்சிரு' எண்டு நீங்கள் சொன்னீங்கள், வைச்சிருந்தன். சிவப்பு எழுத்தைக் கண்டு பயந்து கேட்டன். அதுக்குமேலை என்ரை மனசிலை ஒண்டும் இருக்கேல்லை. நீங்கள் அப்பிடி நினைச்சது எனக்கு நாலு தரம் சரிவராமல் போனதை விடக் கூட நோகுது. சரி, போகட்டும்.

நான் கேட்டதை மறந்திடுங்கோ. எனக்குத் தரவேண்டாம். ஆருக்கும் தரவேண்டாம். ஆனால் அக்கா, படிவத்திலை முதல் கட்டத்திலை ஒரு புள்ளடி போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சு அனுப்பிவிடுங்கோ. இன்னும் அஞ்சு வருசம் அதுகள் அங்கையே இருக்கட்டும். அபியும் ஒரு காலத்திலை அதுகளைப் போலைதான் இருந்தவன். அவனை அண்டைக்கு ஆரும் வெளியிலை எடுத்து உருகவிட்டிருந்தால்?

உங்களைக் கரைச்சல்படுத்த இனி நான் எழுதமாட்டன். உங்கடை கடிதத்துக்காகப் பார்த்துக்கொண்டிருப்பன்.

மலர்


ரோலா
14.07.1996

என்ரை செல்லத் தங்கச்சி மலருக்கு,

இந்தக் கடிதம் உன்ரை கையிலை வாற நேரம் படிவமும் இதோடையே இருக்கும். முதல்லை அதை எடுத்துப் பத்திரமாய் வை. ரெண்டு கையெழுத்தும் இருக்கு. ரெண்டாம் கட்டத்திலை புள்ளடி இருக்கு. அதுக்குக் கீழை உன்ரை பேர் இருக்கு.

ஓமடி. உனக்குத்தான்.

என்ன நடந்ததெண்டு சொல்லுறன். போன செவ்வாய்க்கிழமை எங்கடை ஃபிரிட்ஜ் நிண்டுபோச்சு. வெளியிலை நாப்பத்தஞ்சு டிகிரி வெய்யில். நான் கடைக்குப் போட்டு வந்து பார்க்கிறன், குசினி முழுக்கத் தண்ணி. கதவைத் திறந்தால் ஐஸ் எல்லாம் உருகி, மீன் மிதக்குது, அபியின்ரை ஐஸ்பழம் மூண்டும் வெறும் தடியாய்க் கிடக்குது. துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினனான் மலர். பேந்து அந்தத் தண்ணிக்குள்ளையே இருந்து குளறினன். ஜெயபாரதி ஓடி வந்து, ‘என்னக்கா ஆச்சு, கரண்ட் அடிச்சிடுச்சா?' எண்டாள். மீன் பழுதாய்ப்போச்சு எண்டன். ‘மீனுக்கா இப்படி அழுவுறீங்க?' எண்டு வாயைப் பிளந்துகொண்டு நிண்டாள்.

இவர் அந்த நேரம்தான் வேலையாலை வந்தவர். என்னைப் பார்த்தார், தண்ணியைப் பார்த்தார். அறைக்குள்ளை போய்ப் படிவத்தை எடுத்துக் கட்டிலிலை வைச்சுக் கையெழுத்துப் போட்டுப்போட்டு, ‘மலரின்ரை பேரை நீ எழுது, என்ரை எழுத்து வடிவில்லை' எண்டார். ரெண்டு மாதத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவருக்கு ரீ போட்டுக் குடுத்தன்.

உன்னை அப்பிடிக் கேட்டதுக்கு என்ரை வாயிலை செருப்பாலை அடி. எனக்குப் பொறாமை. உனக்குப் பிள்ளை கிடைக்கிறதிலை இல்லை, என்னாலை சுமக்க ஏலாததை நீ சுமக்கப் போறாய் எண்டதிலை. இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனால் உருகிப் போறதைவிட உன்ரை மடியிலை இருக்கட்டும். பெட்டை பிறந்தால் சிவப்பு வேண்டாம், பச்சைச் சட்டை போடு, எங்கடை முகத்துக்குப் பச்சைதான் எடுப்பு. சொக்லேற்றோடை வந்து கதவைத் தட்டுவன், திற.

தபாலை நம்பேலாது, பன்ரெண்டு நாளும் எடுக்கும், தொலைஞ்சும் போகும். இஞ்சை அவசரமானதெல்லாம் போற ஆக்களின்ரை கையிலைதான் குடுத்துவிடுறது. இவரின்ரை கொம்பனி எஞ்சினியர் வெங்கட்ராமன் ஐயா நாளையிண்டைக்கு லண்டனுக்கு வாறார், ஹரோவிலை மகள் வீட்டிலை ஒரு மாதம் நிப்பார். தங்கமான மனிசன். என்ன கடிதம் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? தெரிஞ்ச ஒரு பிள்ளைக்குக் கலியாணம் பேசுற சாதகம், வெளியிலை சொல்லாதேங்கோ, போன கையோடை குடுத்துவிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். சாதகம் எண்டால் ஒருத்தரும் உடைக்கமாட்டினம்தானே, எப்பிடி என்ரை மூளை? நாளையிண்டைக்கு ஆடிப்பிறப்பு, கொழுக்கட்டையும் கட்டிக் குடுத்துவிடுறன்.

போன் எடுக்காதை. நானும் எடுக்கமாட்டன், ஹோலுக்குள்ளை நிண்டு இதைக் கதைக்க என்னாலை ஏலாது. எல்லாம் சரிவந்தாப் பிறகு ஒரே ஒரு வரி எழுது: பிள்ளையள் சுகம். அது காணும்.

உன்ரை பிள்ளையளின்ரை பெரியம்மா,
ரூபி


ஈஸ்ட்ஹாம்
01.08.1996

ரூபி அக்காவுக்கு,

எழுதமாட்டன் எண்டு சொன்னனான்தான். இண்டைக்கு எழுதாமல் இருக்க ஏலாமல் கிடக்கு.

நேற்றுப் பின்னேரம் அஞ்சு மணிமட்டும் ஆஸ்பத்திரியிலை நீலக் கதிரையிலை இருந்தன். உங்கடை படிவம் நேரை அங்கை வந்திருக்கும் எண்டு ஒரு நப்பாசை. நேர்ஸ் ரெண்டு தரம் போய்ப் பார்த்துப்போட்டு வந்து தலையாட்டினாள். அதுகளுக்குப் பேர் இல்லை அக்கா, நம்பர்தான். அந்த நம்பர் அவளின்ரை லிஸ்ட்டிலை கிடந்தது. ஒருக்கால் பார்க்கலாமோ எண்டு கேட்டன். கண்ணுக்குத் தெரியாது எண்டாள். அவளுக்கும் கண் கலங்கினது.

இண்டைக்கு எத்தனை மணிக்கு எண்டுகூட எனக்குத் தெரியாது. காலமை எழும்பி முழுகிப்போட்டு, சாமி விளக்கைக் கொளுத்தி வைச்சிட்டு இருக்கிறன். செத்த வீடெண்டால் நாலு பேர் வருவினம். இதுக்கு ஆர் வாறது? இவர் வேலைக்குப் போகேல்லை. தோட்டத்துக்கை நிக்கிறார்.

உங்களிலை கோவம் இல்லை எண்டு எழுதத்தான் தொடங்கினனான். கோவம் இருக்கு. ஒரு புள்ளடி அக்கா. தரமாட்டன் எண்டு சொன்னதுக்கில்லை, அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. இருக்கட்டும் எண்டு ஒரு புள்ளடி போட உங்களுக்கு மனம் வரேல்லையே. அஞ்சு வாரமாய் ஒரு சொல்லும் எழுதேல்லையே.

அபியைக் கவனமாய்ப் பாருங்கோ.

மலர்


ஈஸ்ட்ஹாம்
19.08.1996

அக்கா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை வெங்கட்ராமன் ஐயா வந்தவர்.

நான் ஆளை முன்னம் கண்டதில்லை. வாசலிலை வேட்டியோடை, வெத்திலை பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாம் தட்டிலை வைச்சுக்கொண்டு நிக்கிறார். தட்டுக்கு நடுவிலை, மூலையளிலை மஞ்சள் பூசின ஒரு என்வலப். மகளும் மருமகனும் பின்னாலை நிக்கினம். ‘சார்ஜாலேர்ந்து சிவரூபி அம்மா கொடுத்தனுப்பினாங்க, ஜாதகம். வந்த அன்னிக்கே கொடுக்கச் சொன்னாங்கம்மா. ஆனா ஆடி பொறந்துடுச்சு. ஆடியில ஜாதகம் கைமாத்தக் கூடாது, நல்ல காரியம் கெட்டுடும். அவங்க அவசரத்துல மறந்துட்டாங்க போல. அதான் சாமி படத்துக்கிட்ட வச்சு தினம் பூ போட்டேன். ஆவணி முதல் ஞாயிறு, நல்ல நேரம் பார்த்துக் கொண்டாந்திருக்கேன்' எண்டார்.

நான் வாங்கினன். அவையளை இருத்தி ரீ குடுத்தன். எப்பிடிக் குடுத்தனான் எண்டு எனக்குத் தெரியாது, சீனிக்குப் பதிலாய் உப்புப் போட்டனோ என்னவோ, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. போகேக்கை என்ரை தலையிலை கை வைச்சு, ‘நல்ல இடமா அமையும்மா' எண்டுபோட்டுப் போனார்.

பேந்துதான் உடைச்சனான். உங்கடை எழுத்து. யூலை பதினாலு. என்ரை பேர். பெரியம்மா.

அக்கா, முப்பத்திமூண்டு நாள் இந்தப் படிவம் லண்டனிலை இருந்திருக்கு. ஹரோவிலை இருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியால ரெயில். நான் நீலக் கதிரையிலை இருந்து உங்களைத் திட்டிக்கொண்டிருந்த நேரம், நீங்கள் தந்தது சாமிப் படத்துக்குக் கீழை பூவோடை இருந்திருக்கு. இண்டைக்குக் காலமை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தன். முதலாம் திகதி மத்தியானத்துக்கு முதலே முடிஞ்சுதாம். படிவம் கிடைச்சிட்டுது எண்டு நான் சொல்ல, மற்றப் பக்கத்திலை அந்த நேர்ஸ் படிவத்திலை கிடந்த திகதியை ரெண்டு தரம் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

முதலாம் திகதி நான் எழுதின கடிதத்தைக் கிழிச்சு எறியுங்கோ. வாசிக்க முதல் இது வந்து சேரவேணும் எண்டு மண்டாடுறன். நீங்கள் தந்தனீங்கள். பச்சைச் சட்டை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அந்த வரியிலை இருந்து என்ரை கண்ணை எடுக்க ஏலாமல் கிடக்கு.

அந்த மனிசனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அறிஞ்சால் அவர் தாங்கமாட்டார். தினம் பூ வைச்சவர் அக்கா.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை என்னாலை எழுத ஏலாது.

மலர்


ரோலா
31.08.1996

என்ரை மலருக்கு,

சதக்கத்துல்லா நானா தபால்பெட்டியைத் திறக்கிற திறப்பையும் கொண்டு ஊருக்குப் போனவர், முந்தநாள்தான் வந்தவர். உன்ரை ரெண்டு கடிதமும் ஒண்டாய்த்தான் என்ரை கையிலை வந்தது. திகதி பார்த்து முதலாம் திகதிக் கடிதத்தைத்தான் முதல் உடைச்சன். நீ அதிலை எழுதினதெல்லாம் சரி, கிழிக்கமாட்டன். அஞ்சு வருசமாய் மறைச்சு மறைச்சு, கடைசியிலை சாதகம் எண்டு நானே மூடிக் கட்டிக் குடுத்துவிட்டனான். ஆடிப்பிறப்பெண்டால் எனக்குக் கொழுக்கட்டைதான் ஞாபகம் வந்தது. வேறை ஒண்டும் வரேல்லை.

இன்னுமொண்டு சொல்லவேணும், சொல்லாட்டி என்ரை நெஞ்சு வெடிச்சுப்போம். உன்ரை கடிதம் கிடைக்க நாலு நாளைக்கு முதல் வெங்கட்ராமன் ஐயா திரும்பி வந்து எங்கடை வீட்டுக்கு வந்தவர். ‘நல்ல நாளாப் பார்த்துக் கொடுத்துட்டேம்மா. ஜாதகம் பொருந்திச்சா?' எண்டு கேட்டார். நான் யூலையிலையே குடுத்திட்டார் எண்டு நினைச்சுக்கொண்டு, ‘பொருந்தும் ஐயா, கட்டாயம் பொருந்தும்' எண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கேசரி கிண்டிக் குடுத்தன். இன்னும் ஒருக்கால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நேற்றும் லிஃப்றிலை கண்டனான். வணக்கம் சொன்னார், நானும் சொன்னன். அவருக்கு ஒரு நாளும் தெரியவராது, நீ யோசிக்காதை.

இவர் சைற்றுக்குப் போகேல்லை. அபியை மடியிலை வைச்சுக்கொண்டே இருக்கிறார், பெடியன் நழுவி ஓட ஓடப் பிடிச்சுப் பிடிச்சு வைக்கிறார். நான் ஜெயபாரதியைக் கூப்பிட்டு இருத்தி, அண்டைக்கு நான் மீனுக்கு அழேல்லை எண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன், சாதகக் கதை ஒண்டைத் தவிர. அபி எப்பிடி உண்டானவன் எண்டதையும் சொன்னன். அவள் எழும்பிப் போய் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு வந்து, எனக்குப் பக்கத்திலை இருந்து அழுதாள். உன்ரை செத்த வீட்டுக்கு இஞ்சை ஒருத்தி வந்திட்டாள் மலர்.

மாமிக்கும் எழுதப் போறன். நீ இனிக் கடைப் பெட்டிக்கு எழுதாதை. கொம்பனிப் பெட்டிக்கே எழுது, பெரிய எழுத்திலை எழுது. கார்மேகம் உடைச்சு வாசிக்கட்டும், மூண்டு பேர் இருந்தவை எண்டு அவனும் அறியட்டும். வெங்கட்ராமன் ஐயாவின்ரை பேரை மட்டும் ஒரு இடத்திலையும் எழுதிப்போடாதை. மறைக்கிறதுக்கு இனி அது ஒண்டுதான் எங்களிட்டைக் கிடக்கு.

பெரியம்மா,
ரூபி